சிஸ்டமேடிக் ரிவ்யூ: முடிவு தெரியும் முன்பே எழுதிவைக்க வேண்டியவை

முனைவர் பட்ட ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கு நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. கைடு சொன்ன கட்டுரைகள், நாமாகத் தேடிப் பிடித்தவை, அவற்றின் கடைசிப் பக்கங்களில் கண்ணில் பட்டவை என்று எல்லாவற்றையும் படித்து, கட்டுரைக்கு ஒரு பத்தி எழுதி அடுக்குவோம். அதில் பயன் இல்லாமல் இல்லை, துறை பிடிபடும். ஆனால் "இந்த முறை நோயாளிக்கு உண்மையிலேயே உதவுகிறதா?" என்று மாவட்டக் காசநோய் அதிகாரி ஒருவர் கேட்டால், அந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. நாம் எதைப் படித்தோம் என்பது அதில் இருக்கும். எதையெல்லாம் விட்டோம், ஏன் விட்டோம் என்பது இருக்காது.

சிஸ்டமேடிக் ரிவ்யூவில் இந்த இரண்டாவது கணக்கையும் காட்டியாக வேண்டும். எங்கே தேடினோம், எந்தச் சொற்களால் தேடினோம், எத்தனை கிடைத்தன, எவை கழிந்தன என்று எல்லாமே வெளியே தெரிய வேண்டும். இன்னொருவர் அதே வழியில் போனால் அதே கட்டுரைகளை வந்தடைய வேண்டும். இதை முழுதாக ஒருமுறை செய்து முடித்தவள் என்ற முறையில், இப்போது தொடங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றுவதை எழுதுகிறேன்.

என் கேள்வி காசநோய்ச் சிகிச்சை பற்றியது. மருந்துக்குக் கட்டுப்படும் நுரையீரல் காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும். இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்குப் போக ஆரம்பித்ததும் பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். அவர்களைச் சிகிச்சையில் தக்கவைக்க என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள்: சுகாதாரப் பணியாளரின் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வைப்பது, வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குவது, குறுஞ்செய்தி அனுப்புவது, மாத்திரை அட்டையில் மறைந்திருக்கும் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லும் 99டாட்ஸ். இவற்றில் எது பலன் தருகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

மருத்துவத்தில் இப்படிப்பட்ட ரிவ்யூக்களைத் தயாரித்து வெளியிடும் காக்ரேன் அமைப்பின் இலச்சினையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதிலுள்ள சின்னச் சின்னக் கிடைக்கோடுகள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. குறைமாதத்தில் பிரசவிக்கப் போகும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தை பிழைக்குமா என்று பார்த்த 7 ஆய்வுகளின் முடிவுகள் அவை. முதல் ஆய்வு நியூசிலாந்தில் நடந்து 1972-ல் வெளியானது. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் பலன் உறுதியாகத் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். அப்படிச் சேர்த்துப் பார்த்த மீளாய்வு 1989-ல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஊசி கிடைக்காமல் இறந்துபோன குறைமாதக் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ரிவ்யூவை "சொந்தமாக டேட்டா எடுக்காத ஆய்வு" என்று யாராவது ஒதுக்கிப் பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் கேள்வியைக் கட்ட வேண்டும். யாருக்கு, எந்தத் தலையீடு (நாம் சோதித்துப் பார்க்கும் மருந்தோ திட்டமோ), எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கையும் பிக்கோ என்பார்கள். பெயர் எளிது, ஆனால் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் முடிவெடுக்க நிறைய இருக்கிறது. எங்கள் டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில் மருந்து எதிர்ப்புக் காசநோயையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. அதற்குச் சிகிச்சைக் காலம் வேறு, பக்கவிளைவுகள் வேறு, நோயாளி விட்டுப்போகும் காரணங்களும் வேறு. சேர்த்தால் பதில் எதற்கும் பொருந்தாமல் போகும் என்று எடுத்துச் சொல்லி, வெளியே வைத்தோம். விளைவு விஷயத்தில் இன்னும் கவனமாக இருந்தோம். "மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டேன்" என்று நோயாளி சொல்வது ஒரு விளைவு. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வருவது வேறொரு விளைவு. இரண்டையும் ஒரே பெட்டியில் போடக் கூடாது. எது முதன்மை விளைவு என்பதை முன்கூட்டியே எழுதிவைத்தோம்.

இந்த விதிகளெல்லாம் ப்ரோட்டோகாலில், அதாவது வேலையைத் தொடங்கும் முன் எழுதும் திட்ட ஆவணத்தில், இருக்க வேண்டும். அதை எழுத பிரிஸ்மா-பி என்ற 17 அம்சப் பட்டியல் 2015-லிருந்து இருக்கிறது. எழுதியதும் பிராஸ்பெரோவில் பதிவு செய்யுங்கள். யார்க் பல்கலைக்கழகம் 2011-ல் தொடங்கிய பதிவேடு அது, கட்டணம் கிடையாது. உடல்நலம் சம்பந்தப்பட்ட ரிவ்யூக்களை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள். கல்வி, பொருளாதாரம் போன்ற துறைக்காரர்கள் ஓஎஸ்எஃப் தளத்தில் பதியலாம். தரவு எடுக்கத் தொடங்கும் முன்பே பதிவை முடித்துவிட வேண்டும்.

பதிவை ஒரு சடங்காக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதன் அருமை கட்டுரைகளைப் படிக்கும்போதுதான் முழுதாகப் புரிந்தது. குறுஞ்செய்தி அனுப்பியதால் சிகிச்சை முடித்தவர்கள் கூடினார்கள் என்று சொல்லும் ஒரு கட்டுரை வந்தது. தெளிவான எழுத்து, நல்ல இதழ், நாங்கள் எதிர்பார்த்த திசையிலேயே முடிவு. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்ற இரண்டு கணக்குதான்.

"அக்கா, இதையும் சேர்த்துக்கலாமா? நல்ல பேப்பரா இருக்கே," என்றாள் என்னோடு இரண்டாம் ரிவ்யூவராக இருந்த ஜூனியர்.

"ப்ரோட்டோகால்ல என்ன எழுதியிருக்கோம்? எடுத்துப் பாரு."

எடுத்துப் படித்தாள். ஒப்பீட்டுக் குழு இருக்க வேண்டும் என்று இருந்தது. கட்டுரை வெளியே போனது, காரணமும் பதிவானது. அந்த விதியை முடிவுகளைப் பார்த்த பிறகு எழுதியிருந்தால் அந்த இடத்தில் நாங்கள் எப்படி முடிவெடுத்திருப்போம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முடிவு பிடித்துப்போன பிறகு விதியை வளைப்பது மனித இயல்பு. அதனால்தான் விதி முதலில் வர வேண்டும்.

அடுத்து தேடல். என் கணிப்பில் ஒரு ரிவ்யூவின் தரம் பாதிக்கு மேல் இங்கேயே முடிவாகிவிடுகிறது. பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மெஷ் என்ற பொருள் குறியீடுகள் உண்டு. அவற்றை மட்டும் நம்பினால், குறியீடு இடப்படாத கட்டுரைகள் தவறிப்போகும். அப்படிப்பட்டவையும் பப்மெட்டில் நிறைய. ஆகவே குறியீட்டோடு, தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் போட வேண்டும். ஒரே பொருளைக் குறிக்கும் சொற்களை ஆர் (OR) என்று கோத்து, வெவ்வேறு கருத்துகளை ஆண்ட் (AND) என்று இணைப்பதுதான் அடிப்படை.

எங்கள் துறையில் சொற்கள் காலத்தோடு மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. சிகிச்சையை விட்டவரைப் பழைய கட்டுரைகள் டிஃபால்ட்டர் என்று எழுதின. உலக சுகாதார நிறுவனம் 2013-ல் வரையறைகளைத் திருத்திய பிறகு லாஸ்ட் டு ஃபாலோ-அப் என்று எழுதுகிறார்கள். முன்பு கம்ப்ளையன்ஸ் என்றது இப்போது அட்ஹியரன்ஸ். ஆர்என்டிசிபி என்ற தேசியக் காசநோய்த் திட்டம் 2020-ல் என்டிஇபி ஆனது. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான். 1996-க்கு முந்தைய கட்டுரைகளில் சென்னை கிடையாது, மெட்ராஸ்தான். செங்கல்பட்டு அப்போது சிங்கிள்புட். காசநோயில் இது சின்ன விஷயம் இல்லை. 1956-ல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலேயே வைத்துக் கொடுக்கும் சிகிச்சையை சானடோரியம் சிகிச்சையோடு ஒப்பிட்டு 1959-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுச் சிகிச்சை போதும் என்று காட்டி உலக நடைமுறையையே மாற்றியது. அதெல்லாம் மெட்ராஸ் என்ற பெயரில்தான் கிடக்கிறது. இந்திய ஆய்வுகளைத் தேடுகிறவர்கள் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போடுங்கள்.

தேடல் வரி சரியாக இருக்கிறதா என்று சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. கட்டாயம் வந்தாக வேண்டிய கட்டுரைகள் என்று நமக்கு முன்பே தெரிந்த சிலவற்றை ஒரு பட்டியலாக வைத்துக்கொள்ள வேண்டும். தேடல் வரியை ஓட்டிப் பார்த்து, அவை எல்லாம் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்று வராவிட்டாலும் அது எந்தச் சொல்லால் தவறியது என்று கண்டுபிடித்து வரியைத் திருத்த வேண்டும். இதை நான் எங்கள் நூலகர் சாரோடு உட்கார்ந்து செய்தேன். நூலகரை ரிவ்யூவுக்குள் கொண்டுவருவது நம் பல்கலைக்கழகங்களில் அரிது. அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. அவர்களை இணை ஆசிரியராகச் சேர்ப்பதும் நியாயம்தான்.

பப்மெட் ஒன்று போதாது. எம்பேஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்குச் சந்தா வேண்டும், உங்கள் நிறுவனத்தில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். காசில்லாமல் தேடக்கூடியவையும் நல்லவைதான்: காக்ரேனின் சென்ட்ரல் என்ற ஆய்வுத் தொகுப்பு, உலக சுகாதார நிறுவனத்தின் குளோபல் இண்டெக்ஸ் மெடிக்கஸ். பின்னதில் தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்துக்கென்று தனித் தொகுப்பு இருப்பதால், வேறெங்கும் கிடைக்காத இந்திய இதழ்கள் அகப்படும். வெளியாகாத ஆய்வுகளுக்கு சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடும், ஆய்வேடுகளுக்கு சோத்கங்காவும் இருக்கின்றன. பலன் கிடைக்காத ஆய்வுகள் பல நேரம் இதழ்களுக்கு வராமலே போகின்றன. அவற்றைத் தேடாமல் விட்டால், எல்லா மருந்தும் எல்லாத் திட்டமும் பலன் தருவதாகத்தான் தோன்றும். கூகுள் ஸ்காலரை முதன்மைத் தளமாக வைக்காதீர்கள். எத்தனை லட்சம் முடிவு என்று காட்டினாலும் முதல் 1,000-க்கு மேல் பார்க்க விடாது. நேற்று வந்த வரிசை இன்று அப்படியே வரும் என்ற உறுதியும் இல்லை.

ஒவ்வொரு தளத்திலும் தேடிய நாள், முழுத் தேடல் வரி, கிடைத்த எண்ணிக்கை மூன்றையும் அன்றைக்கே ஒரு கோப்பில் எழுதிவிடுங்கள். ரிவ்யூவை எப்படி எழுதுவது என்று சொல்லும் பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் பாய்வுப்படத்தில் முதல் பெட்டியே இந்த எண்களைத்தான் கேட்கிறது.

எல்லாவற்றையும் ஸோட்டரோ என்ற மேற்கோள் மென்பொருளில் இறக்கி, ஒரே கட்டுரையின் நகல்களை நீக்க வேண்டும். இங்கே தமிழ்ப் பெயர்கள் ஒரு தனிச் சிக்கல். நம் இனிஷியல் முறை தரவுத்தளங்களுக்குப் புரிவதில்லை. ஒரு தளத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும், இன்னொன்றில் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக இருக்கும். ஒரே ஆசிரியர் இரண்டு ஆளாகிவிடுவதால் மென்பொருளால் நகலைக் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணை வைத்து ஒருமுறையும், தலைப்பை அகரவரிசைப்படுத்தி ஒருமுறையும் கண்ணால் பார்த்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரே ஆய்வு இரண்டு தடவை கணக்கில் ஏறிவிட்டால் மொத்த முடிவும் சாய்ந்துவிடும். இதற்கு ஒரு படி மேலே போய், ஒரே ஆய்விலிருந்து வந்த பல கட்டுரைகளையும் அடையாளம் காண வேண்டும். நான் சொன்ன மெட்ராஸ் ஆய்வையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறிக்கை 1959-ல், குடும்பத்தினருக்கு நோய் தொற்றியதா என்பது பற்றித் தனிக் கட்டுரை, ஐந்தாண்டுத் தொடர்கண்காணிப்பு 1966-ல். கட்டுரைகள் பல, ஆய்வு ஒன்றே. நாம் எண்ண வேண்டியது ஆய்வை.

தலைப்பும் சுருக்கமும் பார்த்துச் சலித்தெடுக்கும் கட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ரய்யான் என்ற இணையக் கருவியில் ஒருவர் முடிவை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைக்கலாம். அதைக் கடைசிவரை மறைத்தே வைத்திருந்தோம். தொடங்கும் முன் ஒரு சிறு தொகுதியை இருவரும் தனியாகப் பார்த்து, கருத்து வேறுபட்டதையெல்லாம் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சில் விதியில் இருந்த ஓட்டைகள் தெரிந்தன. ஊட்டச்சத்துக்குப் பணம் கொடுப்பதும் சிகிச்சைத் துணையில் சேருமா? பள்ளிப் பிள்ளைகளை மட்டும் எடுத்த ஆய்வு வருமா? இவற்றுக்கான விளக்கங்களை விதியில் நாள் குறித்துச் சேர்த்துவிட்டுத்தான் முழுத் தொகுதியைத் தொட்டோம். 1975-க்கு முந்தைய பதிவுகள் பலவற்றில் சுருக்கமே இருக்காது. தலைப்பை மட்டும் பார்த்து அவற்றைக் கழிக்காமல், சந்தேகம் இருந்தால் முழுக் கட்டுரைக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தோம்.

உடன்பாட்டைச் சதவீதத்தில் மட்டும் சொன்னால் ஏமாந்துபோவோம். 100 தலைப்புகளில் ஆளுக்கு 5 சேர்த்து, அவற்றில் 1 மட்டும் இருவருக்கும் பொதுவானது என்று வையுங்கள். 91-ஐ இருவரும் கழித்திருப்பார்கள். ஆக உடன்பாடு 92 சதவீதம். கேட்க அருமையாக இருக்கும். ஆனால் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துப் பார்க்கும் காப்பா கணக்கில் அது வெறும் 0.16. சேர்க்க வேண்டியதில் அவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகவில்லை என்பதுதான் உண்மை. இரண்டையும் எழுதுங்கள்.

முழுக் கட்டுரைகள் கிடைப்பது முன்பு பெரிய போராட்டம். 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதுங்கள். நான் எழுதியதில் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். கூடுதல் அட்டவணைகள் கேட்டபோதும் கொடுத்தார்கள். இந்தக் கட்டத்தில் கழிக்கும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு காரணம் பதிவாக வேண்டும். காரணங்களுக்கு முன்பே ஒரு வரிசை வைத்துக்கொண்டால் இருவரும் ஒரே காரணத்தை எழுதுவீர்கள்.

தரவு எடுக்கும் எக்செல் படிவத்தில் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் "எந்தப் பக்கம், எந்த அட்டவணை" என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். மாதங்கள் கழித்து ஒரு ரெஃபரி கேள்வி கேட்கும்போது அது உங்களைக் காப்பாற்றும்.

இங்கே நான் சற்று நிதானிக்க விரும்புவது கிளஸ்டர் ஆய்வுகளில். காசநோய்த் துணைத் திட்டங்களில் நோயாளியை ஆளாளாகப் பிரிக்காமல், சுகாதார மையங்களையே குலுக்கிப் பிரிப்பது வழக்கம். ஒரு மையத்துக்கு வருபவர்கள் ஒரே ஊழியரிடம் மாத்திரை வாங்குகிறார்கள், ஒரே பகுதியில் வாழ்கிறார்கள். அவர்களின் முடிவுகளும் ஓரளவு ஒன்றுபோல இருக்கும். அந்த ஒற்றுமையின் அளவை ஐசிசி என்பார்கள். ஒரு மையத்துக்குச் சராசரி 21 பேர், ஐசிசி 0.05 என்றால், 1 + 20 × 0.05 = 2. அதாவது 400 பேர் கொண்ட ஆய்வு, கணக்கில் 200 பேர் கொண்ட ஆய்வுக்குத்தான் சமம். இதைக் கவனிக்காமல் 400 என்றே போட்டால், அந்த ஆய்வுக்குத் தகுதிக்கு மீறிய எடை போய்விடும். கட்டுரையாசிரியரே இதைச் சரிசெய்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் நாம் சரிசெய்ய வேண்டும். புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் குழுவில் தொடக்கத்திலிருந்தே இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

ஆய்வின் முடிவை ஒருபக்கமாக இழுத்துவிடும் சாய்வை அளக்க ஆர்ஓபி 2 என்ற கருவி, 5 களங்களில் கேள்விகளோடு இருக்கிறது. நோயாளிகளை ஆளாளாகக் குலுக்கிப் பிரித்த ஆய்வுகளுக்கு அது போதும், கிளஸ்டர் ஆய்வுகளுக்கு அதன் தனி வடிவம் இருக்கிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஸோட்டரோவே எச்சரிக்கும்.

அப்புறம் எல்லோரும் ஆசையோடு காத்திருக்கும் மெட்டா அனாலிசிஸ், அதாவது பல ஆய்வுகளின் எண்களைக் கூட்டி ஒரே முடிவாக்குவது. எண்கள் இருக்கின்றன என்பதற்காகக் கூட்டிவிடக் கூடாது. ஒரு ஆய்வில் துணை என்றால் தினமும் நேரில் வரும் பணியாளர், இன்னொன்றில் வாரம் ஒரு குறுஞ்செய்தி. இவற்றின் சராசரி எந்த நோயாளிக்கும் பொருந்தாது. ஒத்த தலையீடுகளை மட்டும் கூட்டினோம், மற்றவற்றைக் கூட்டாமல் விவரித்தோம். அப்படி விவரிக்கவும் ஸ்விம் என்ற வழிகாட்டி 2020-ல் வந்திருக்கிறது. "இத்தனை ஆய்வில் பலன் உண்டு, இத்தனையில் இல்லை" என்று கை தூக்கி எண்ணுவதை அறவே தவிருங்கள். சிறிய ஆய்வில் பலன் தெரியாமல் போவது ஆட்கள் போதாததால் இருக்கலாம். குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் நடந்தது அதுதான்.

எவ்வளவு காலம் ஆகும் என்று எல்லா ஸ்காலர்களும் கேட்கிறார்கள். பிராஸ்பெரோவில் பதிவான ரிவ்யூக்களை வைத்து 2017-ல் வந்த ஒரு ஆய்வு, பதிவிலிருந்து வெளியீடு வரை சராசரி 67 வாரம் என்றது. பட்டக் காலத்துக்குள் முடிக்க வேண்டியவர்கள் முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். அரட்டைச் செயலிகளிடம் கட்டுரைப் பட்டியல் கேட்டு நேரத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். இல்லாத கட்டுரையை இருப்பதாகச் சொல்லும், அதன் தேடலை யாராலும் திரும்பச் செய்து பார்க்கவும் முடியாது. கட்டுரைகளைச் சலித்தெடுக்கும்போது பொருத்தமானவற்றை மேலே கொண்டுவரும் ஏஎஸ்ரிவ்யூ போன்ற திறந்த மென்பொருள் வேறு. அதைப் பயன்படுத்தியதை எழுதிவிட்டால் தவறில்லை.

இதழுக்கு அனுப்பும் நேரத்தில் தேடல் ஓராண்டுக்கு மேல் பழையதாகிவிட்டால் மறுபடி ஓட்டியாக வேண்டும். நாங்கள் ஓட்டினோம், புதியவையும் வந்தன. தேடல் வரிகள், கழித்தவற்றின் பட்டியல், எக்செல் படிவம் எல்லாவற்றையும் ஸெனோடோ என்ற திறந்த களஞ்சியத்தில் போட்டுவைத்திருக்கிறோம். அடுத்த புதுப்பிப்பை ஜூனியர் முதன்மை ஆசிரியராக இருந்து செய்யப்போகிறாள். அவளுக்கு இரண்டாம் ரிவ்யூவர் இன்னும் அமையவில்லை, ஒரு எம்பிஎச் (பொதுச் சுகாதார முதுகலை) மாணவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.